எங்கள் கூட்டுநிதி விளையாட்டு 14 மாதம் பிந்திவிட்டது: பணம் தந்தவர்களுக்கு எதை, எவ்வளவு சொல்ல வேண்டும்?

பரண்காவல் (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவில் மூவர் இருக்கிறோம்: நான் கிளிநொச்சி, மற்ற இருவரில் ஒருவர் முள்ளியவளை, ஒருவர் நெடுங்கேணி. 2023 பங்குனியில், வயல் காவலைக் கருவாகக் கொண்ட ஒரு கணினி விளையாட்டுக்காக இணையத்தில் கூட்டுநிதி திரட்டினோம். கதிர் முற்றிய வயலில், பரணில் இருந்துகொண்டு, பன்றியையும் யானையையும் விடியும்வரை மறித்து வெள்ளாமையைக் காப்பதுதான் விளையாட்டு. மொத்தம் எட்டு இரவுகள். இலங்கையில் இருப்பவர்கள் அந்தத் தளத்தில் நேரடியாக நிதி திரட்ட முடியாது என்பதால், ரொறன்ரோவில் வசிக்கும் என் சித்தப்பாவின் பெயரில் கணக்கைத் திறந்தோம். 263 பேர் சேர்ந்து 18,400 கனேடிய டொலர் தந்தார்கள். 2024 ஆவணியில் விளையாட்டைத் தருவோம் என்று எழுதியிருந்தோம். அந்த ஆவணி போய் அடுத்த ஆவணியும் போய்விட்டது.

பிந்தியதற்கான முதற் காரணத்தைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்: தமிழ் எழுத்து. மாதிரிப் பதிப்பை ஆங்கிலத்தில் செய்து, அதன் காணொளியைக் காட்டித்தான் நிதி திரட்டினோம். பிறகு தமிழ் உரையாடல்களை ஏற்றியபோது, ‘கொட்டில்’ என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது; ‘யானை’ என்று எழுதினால் ஐகாரக் கொம்பு இடம் மாறி, படிக்க முடியாத ஒன்று திரையில் தோன்றியது. நாங்கள் தெரிந்தெடுத்த எஞ்சினுக்கு (விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) தமிழ் எழுத்தை ஒழுங்குபடுத்தத் தெரியவில்லை. எல்லா உரையாடலையும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தோம். அது பார்வைக்குச் சரியாக வந்தது. ஆனால் இடையில் ஓர் ஆங்கிலச் சொல்லோ, விளையாடுபவர் யுனிகோட்டில் தட்டச்சிடும் தன் பெயரோ வந்தவுடன் எல்லாம் குழம்பியது. இதிலேயே மூன்று மாதம் போனது. கடைசியில் எஞ்சினையே மாற்றி, ஏழு மாத வேலையைத் திரும்ப எழுதினோம். இது போதாதென்று, எங்கள் யானைகள் குளக்கட்டில் ஏறியவுடன் வழி தெரியாமல் நின்றுவிடும் வழு ஒன்று இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

இரண்டாவது காரணம் பணம். ஒரு கனேடிய டொலர் ஏறத்தாழ 270 ரூபா விற்ற 2023 தை மாதத்தில் வரவுசெலவைப் போட்டோம். பணம் கைக்கு வரும்போது ரூபா பலப்பட்டு 235 ஆகியிருந்தது. நாட்டுக்கு நல்லது, எங்களுக்கு ஆறு இலட்சம் ரூபா குறைந்தது. தளத்தின் 5 வீதமும், அட்டைக் கொடுப்பனவுச் செலவாக 3 வீதத்துக்குச் சற்று மேலும் கழிந்து, 39 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா கிடைத்தது. அது 2024 ஆவணியில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அன்றிலிருந்து பகலில் வேறு தொழில் செய்து, இரவில் இதைச் செய்கிறோம்.

இதையெல்லாம் நாங்கள் பங்களித்தவர்களுக்குச் சொல்லவில்லை. 2025 தைப்பொங்கலன்று ‘பங்குனிக்குள் வரும்’ என்று எழுதியதுதான் எங்கள் கடைசி அறிவிப்பு. பங்குனி வந்தபோது காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சித்திரையில் நல்ல செய்தியோடு எழுதுவோம் என்று தள்ளினோம், பிறகு வைகாசி, பிறகு ஆடி. இப்போது சித்தப்பாவை ரொறன்ரோவில் கோயில் வாசலில் மறித்துக் கேட்கிறார்கள். ஒருவர் தன் 120 டொலரைத் திருப்பிக் கேட்டு மூன்று தடவை எழுதிவிட்டார்.

காசு முடிந்துவிட்டது என்பதைப் பகிரங்கமாகச் சொன்னால் எல்லோரும் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? புதிய திகதி ஒன்றைக் கொடுக்க வேண்டுமா? கேட்ட ஒருவருக்கு மட்டும் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாமா? இவற்றைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.


செட்டிகுளத்தான் (வவுனியா)

தம்பி, பிந்துவது இந்தத் துறையில் புதினமான விடயம் அல்ல. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஈதன் மொலிக், கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தின் திட்டங்களை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட கட்டுரையில், நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை சொன்ன திகதிக்குப் பிந்தியே பொருளைக் கொடுத்தன என்று காட்டினார். அவரே 2015 இல் செய்த இன்னோர் ஆய்வில், ஒன்றுமே கொடுக்காமல் போன திட்டங்கள் 9 வீதம்தான் என்று வந்தது. ஆகவே பிந்தியவர்களில் பெரும்பாலானோர் எப்படியோ கரை சேர்ந்திருக்கிறார்கள். பணம் போடுகிறவர்களில் பழக்கப்பட்டவர்களுக்கு இது தெரியும். அவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பது நாட்காட்டியை அல்ல.

டபுள் ஃபைன் என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 2012 மாசியில் 4 இலட்சம் டொலர் கேட்டார்கள். 87,000க்கு மேற்பட்டோர் 33 இலட்சம் டொலரைக் கொட்டினார்கள். அவ்வருட ஐப்பசியில் தருவதாகச் சொன்ன விளையாட்டு, பணம் கூடக் கூடப் பெருத்துக்கொண்டே போனது. 2013 ஆடியில் அதன் தலைவர் டிம் ஷேஃபர் பங்களித்தோருக்கு நேரே எழுதினார்: இப்போதைய திட்டப்படி போனால் முதற் பாதியே 2014 ஆடியில்தான் முடியும், முழுதும் 2015 இல்தான் வரும், அதற்குக் கையில் உள்ள பணம் போதாது, ஆகவே விளையாட்டை இரண்டாகப் பிரித்து, முதற் பாதியை விற்று வரும் பணத்தில் மறுபாதியை முடிப்போம் என்றார். திட்டினார்கள்தான். ஆனாலும் முதற் பாதி 2014 தையிலும் மறுபாதி 2015 சித்திரையிலும் வந்து சேர்ந்தன. திட்டு வாங்கிய அந்தக் கடிதம் இல்லையென்றால் அந்த விளையாட்டே இல்லை என்பது என் எண்ணம். தயாரிப்பு முழுவதையும் ஓர் ஆவணப்படக் குழு கூடவே இருந்து படமாக்கி, பங்களித்தோருக்குப் பகுதி பகுதியாகக் காட்டியது. நாள் பிந்தும் என்று தெரியவந்து ஆட்கள் முகம் தொங்கி உட்கார்ந்திருக்கும் கூட்டங்களையும் அவர்கள் வெட்டவில்லை.

மறுபக்கத்தில் மைட்டி நம்பர் 9 என்ற விளையாட்டு இருக்கிறது. 2013 இல் கெய்ஜி இனாஃபூனேயின் குழு 38 இலட்சம் டொலர் திரட்டி, 2015 சித்திரை என்று சொல்லி, பிறகு புரட்டாதி, பிறகு அடுத்த வருட மாசி என்று தள்ளி, 2016 ஆனியில்தான் வெளியிட்டது. தள்ளியதைவிட ஆட்களைக் கொதிக்க வைத்தது வேறொன்று: முதல் விளையாட்டு கைக்கு வராமல் இருக்கும்போதே, 2015 ஆடியில் இன்னொரு விளையாட்டுக்குக் கூட்டுநிதி கேட்டார்கள். அந்த இரண்டாவது முயற்சி இலக்கை எட்டாமலே விழுந்தது.

ஆகவே திகதி கொடுக்காதீர்கள். உங்கள் பொங்கல் அறிவிப்பில் ‘பங்குனிக்குள்’ என்று எழுதியது முந்திய ஐந்து மாதப் பிந்தலையும்விடக் கூடிய சேதத்தைச் செய்திருக்கிறது. இன்னுமொன்று, கோபிக்காதீர்கள்: மாதிரிப் பதிப்பைத் தமிழில் செய்திருந்தால் எழுத்துச் சிக்கல் முதற் கிழமையிலேயே தெரிந்திருக்கும். பணம் வாங்குவதற்கு முன் பார்த்திருக்கவேண்டிய விடயம் அது. எஞ்சினைக் குற்றம் சொல்வதோடு அதையும் எழுதுங்கள்.


பாலைநிழல் (புதுக்குடியிருப்பு)

நான் உங்களுடைய 263 பேரில் ஒருவன் அல்லன். அட்டை இல்லாததால் 5,000 ரூபாவை உங்கள் முள்ளியவளைக்காரரின் கையிலேயே கொடுத்தவன். பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. என்னைப்போல் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் கையில் கொடுத்தார்கள் என்பதையும் நீங்கள் இங்கே எழுதவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். உங்கள் காணொளியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பரணில் தகரத்தைத் தட்டியவுடன் பன்றிக்கூட்டம் சிதறும் இடத்தில் வகுப்பே எழும்பி நின்றது. அந்தப் பிள்ளைகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் முழுவதும் ‘சேர், வந்திட்டுதா?’ என்று கேட்டார்கள். இந்த வருடம் கேட்பதில்லை. எனக்கு அதுதான் உறைக்கிறது. 5,000 ரூபா அல்ல.

நீங்கள் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதால் எழுதவில்லை என்கிறீர்கள். குளக்கட்டில் யானை திகைத்து நிற்கும் படத்தையே போட்டிருக்கலாம். அதைப் பார்த்துச் சிரித்திருப்போம், இன்னும் நான்கு பேருக்குக் காட்டியிருப்போம். நீங்கள் எழுதாத ஒவ்வொரு மாதமும் நாங்களாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டோம். ‘மூவரில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார்’ என்பது ஒன்று. ‘சித்தப்பா காசை எடுத்துவிட்டார்’ என்பது இன்னொன்று. இரண்டும் பொய் என்று இன்றைக்குத்தான் அறிகிறேன். அந்த மனிதரின் பெயர் பத்து மாதமாக அங்கே அடிபட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.


எழுத்தாணி

எழுத்துச் சிக்கலைப் பங்களித்தோருக்கு விளக்குவது கடினம் என்று நினைக்க வேண்டாம். தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் அது இரண்டு படத்தில் புரியும். யுனிகோட்டில் ‘கொ’ என்பது முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிளந்து, ஒன்றை எழுத்துக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைப்பது திரைக்கு எழுத்தை வார்க்கும் நிரலின் வேலை. குரோமும் ஃபயர்ஃபொக்ஸும் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல்தொகுதியைப் பயன்படுத்துகின்றன. 2023 பங்குனியில் வந்த கொடோ 4 எஞ்சினிலும் அது உள்ளேயே இருக்கிறது. நீங்கள் எதற்கு மாறினீர்கள் என்று எழுதவில்லை. அதுவாக இருந்தால் சரியான முடிவுதான். ‘கொட்டில்’ முன்பு எப்படி உடைந்தது, இப்போது எப்படி நிற்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஏழு மாதம் எங்கே போனது என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்ததாகத் தமிழில் விளையாட்டுச் செய்ய வருபவர்களுக்கும் அந்த ஏழு மாதம் மிஞ்சும்.


மறுகரை (லண்டன், சொந்த இடம் துணுக்காய்)

எல்லோரும் ‘சொல்லுங்கள், சொல்லுங்கள்’ என்கிறார்கள். நான் ஒரு மறுப்பை வைக்கிறேன். பேசுவது வேறு, கணக்குக் கொடுப்பது வேறு. 2012 இல் நிதி திரட்டி 2014 இல் வெளிவரும் என்று சொன்ன ஸ்டார் சிட்டிசன் இன்றுவரை முடிந்த விளையாட்டாக வரவில்லை. ஆனால் அவர்கள் பேசாத கிழமை இல்லை. காணொளி, வேலைத்திட்டப் பலகை, விழா என்று எல்லாம் நடக்கிறது, திரட்டிய தொகையும் 70 கோடி டொலரைக் கடந்துவிட்டது. அதே நேரம், ஹொலோ நைட் என்ற விளையாட்டைச் செய்த அவுஸ்திரேலியாவின் சிறு குழு 2014 இல் 57,000 அவுஸ்திரேலிய டொலர் அளவில் திரட்டி, 2017 மாசியில் விளையாட்டைக் கொடுத்தது. கூடுதல் இலக்காகச் சொன்ன இன்னொரு பாத்திரத்தின் கதை வளர்ந்து வளர்ந்து, சில்க்சோங் என்று தனி விளையாட்டாக 2019 மாசியில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் அவர்கள் வருடக்கணக்கில் அரிதாகவே வாய் திறந்தார்கள். 2025 புரட்டாதியில் வெளியிட்டார்கள். பிந்தியதை மன்னிக்கப் பலர் தயங்கவில்லை. நிறையப் பேசியவர்கள் முடிக்கவில்லை, பேசாதவர்கள் முடித்தார்கள்.

ஆனால் இதை உங்களுக்கு அனுமதியாக எடுத்துவிடாதீர்கள். அவர்கள் வாய் மூடியிருந்தது ஒரு முழு விளையாட்டைக் கையில் கொடுத்த பிறகு. அதன் விற்பனைப் பணமும் அவர்களிடம் இருந்தது. நீங்கள் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த மௌனத்துக்கு உங்களிடம் முதல் இல்லை.

பணத்தைத் திருப்புவது பற்றி: ஒருவருக்கு மட்டும் சத்தமில்லாமல் கொடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய பிழை. நாளைக்கு அவர் யாருக்காவது சொல்வார். மற்ற 262 பேரும் சத்தம் போட்டவனுக்குத்தான் காசு என்று கற்றுக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள். கிக்ஸ்டார்ட்டரின் நிபந்தனைகளில் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. உங்கள் தளம் எதுவானாலும் அதைப் பின்பற்றலாம். திட்டத்தை முடிக்க முடியாமல் போனால், எவ்வளவு வேலை நடந்தது, பணம் எதற்குச் செலவானது, எது தடுக்கிறது என்பதைத் திட்டக்காரர் பங்களித்தோருக்கு எழுத வேண்டும். மிஞ்சிய பணம் இருந்தால் பொருள் கிடைக்காதவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். தளம் தன் கையிலிருந்து ஒருவருக்கும் கொடுப்பதில்லை; ஒப்பந்தம் திட்டக்காரருக்கும் பணம் தந்தவருக்கும் இடையிலானது. உங்கள் விடயத்தில் கடதாசியில் உள்ள திட்டக்காரர் சித்தப்பா. நீங்கள் கிளிநொச்சியில் மௌனமாக இருக்க, பொறுப்பு ரொறன்ரோவில் நிற்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2015 ஆனியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு முதன்முறையாக ஒரு கூட்டுநிதித் திட்டக்காரர்மேல் நடவடிக்கை எடுத்தது. அது ஒரு பலகை விளையாட்டு. 1,22,000 டொலருக்கு மேல் திரட்டி, வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் எடுத்தார் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. பிந்தியது அல்ல. எழுதிவைத்த சம்பளத்தை எழுதிவைத்தபடி எடுத்தவர்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. நீங்கள் சம்பளம் எடுப்போம் என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தீர்களா?


சிறுபோகம் (இரணைமடு)

எனக்குக் கணினி விளையாட்டுத் தெரியாது. மகன் இதை வாசித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவனே எழுதுகிறான். கமக்காரர் அமைப்பொன்றில் பல வருடம் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

எங்கள் குளம் நிறைந்தால் 36 அடி. சிறுபோகம் செய்வதற்கு முன் கூட்டம் வைப்பார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழும்பி, குளத்தில் இன்றைக்கு எத்தனை அடி நீர் நிற்கிறது, அந்த நீரில் எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று சொல்வார். நீர் குறைந்த வருடத்தில் அந்த மண்டபத்தில் காது கொடுக்க முடியாது. கதிரையைத் தூக்கியவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் சத்தம் போட்டவனும் வெளியே வந்து, தன் பங்கு எவ்வளவு என்று கேட்டு, அதற்கு அளவாகத்தான் விதை நெல் எடுப்பான். அடியைச் சொல்லாமல் ‘தண்ணீர் வரும், விதையுங்கள்’ என்று ஆளை அனுப்பிவிட்டு, பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது வாய்க்கால் வற்றினால், அடுத்த வருடம் அந்தக் கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். காசு எவ்வளவு நிற்கிறது என்று சொல்லப் பயப்படுகிறீர்கள், பிள்ளை. குளத்தின் அளவுகோல் எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் நட்டிருக்கிறது.

யானையைப் பற்றியும் ஒன்று. குளக்கட்டில் ஏறியவுடன் நிற்பதை வழு என்கிறீர்கள். யானை கட்டில் ஏறினால் நிற்கும். தும்பிக்கையைத் தூக்கி மணம் பிடித்துவிட்டுத்தான் வயலுக்குள் இறங்கும். நிற்கட்டும், நிறைய நேரம் நிற்கவிடாதீர்கள், அவ்வளவுதான்.


பரண்காவல் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. முதலில் ஒரு திருத்தம்: செட்டிகுளத்தான் அண்ணை, நான் தம்பி அல்ல, தங்கச்சி.

மறுகரை அண்ணாவின் கேள்விக்கு: ஆம், ஒருவருக்கு மாதம் 60,000 ரூபா வீதம் மூவருக்கும் 17 மாதச் சம்பளம் என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தோம், அதற்கு மேல் எடுக்கவில்லை. பாலைநிழல் சேர், கையில் தந்தவர்கள் 19 பேர். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. அந்த 95,000 ரூபாவைப் பற்றி இங்கே எழுதாமல் விட்டது மறைக்க நினைத்து அல்ல. அது பொதுக் கணக்கில் சேராமல் முள்ளியவளையில் தனிக் கொப்பியில் கிடந்தது. நீங்கள் கேட்ட பிறகுதான் அந்தக் கொப்பியை எடுத்தோம். பணம் முழுதாக இருக்கிறது. இனி அதுவும் பொதுக் கணக்கிலேயே வரும்.

நேற்றிரவு மூவரும் இருந்து எழுதிய கடிதத்தின் முக்கியமான பகுதியைத் தருகிறேன். அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்.

“எட்டு இரவுகளில் ஐந்து முடிந்துள்ளன, ஆறாவது விளையாடக்கூடிய நிலையில் இருந்தாலும் ஒலி இல்லை, ஏழாவதும் எட்டாவதும் தாளில் மட்டும் இருக்கின்றன. தளத்தின் வழியாக எங்கள் கைக்கு வந்த 39 இலட்சத்து 70 ஆயிரம் ரூபாவில் சம்பளமாக 30 இலட்சத்து 60 ஆயிரமும், இரண்டு கணினிகளுக்கு 5 இலட்சத்து 40 ஆயிரமும், மின்கலத்துக்கும் இன்வேட்டருக்கும் 90 ஆயிரமும், இசைக்கு 1 இலட்சத்து 20 ஆயிரமும், பனையோலைப் பெட்டிகளுக்கு 58 ஆயிரமும் செலவாகின. 1 இலட்சத்து 2 ஆயிரம் மிஞ்சியுள்ளது. மாதிரிப் பதிப்பைத் தமிழில் செய்து பார்க்காமல் உங்களிடம் பணம் கேட்டது எங்கள் தவறு. பத்து மாதம் எழுதாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. இந்தக் கணக்கின் உரிமையாளருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. வெளியீட்டுத் திகதியை இப்போது சொல்லமாட்டோம். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, முன்னேற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த இரவு எந்த நிலையில் நிற்கிறது, பணம் எவ்வளவு நிற்கிறது என்று எழுதுவோம். முடிந்த முதல் இரண்டு இரவுகளை இந்தக் கடிதத்தோடு உங்கள் எல்லோருக்கும் தருகிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களுக்குக் கொடுக்க இப்போது எங்களிடம் போதிய தொகை இல்லை. கேட்பவர்களின் பெயர்களை வந்த ஒழுங்கில் எழுதிவைத்து, விளையாட்டு விற்கத் தொடங்கியபின் அந்த ஒழுங்கிலேயே கொடுப்போம். விற்காவிட்டால் கொடுக்க முடியாமலும் போகலாம்.”

கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி நெடுங்கேணிக்காரர் நிற்கிறார். நான் விட வேண்டும் என்கிறேன்.

பெட்டிகள் பற்றிய ஒரு விடயம் கடிதத்தில் இல்லை. கூடுதலாகத் தந்த 58 பேருக்குப் பூநகரிப் பக்கத்துப் பெண்கள் இழைத்த பனையோலைப் பெட்டிகள் தருவதாகச் சொல்லியிருந்தோம். அவை போன வருடமே வந்துவிட்டன. விளையாட்டோடு சேர்த்து அனுப்பலாம் என்று என் அறையில் அடுக்கிவைத்தேன். நேற்றுத்தான் அடியில் இருந்தவற்றை எடுத்துப் பார்த்தேன், மூலைகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது.


மறுகரை (லண்டன், சொந்த இடம் துணுக்காய்)

கடைசி வரி இருக்கட்டும். அதை எடுத்தால் அதற்கு முந்திய வரியும் பொய்யாகிவிடும். கையில் வாங்கிய 95,000 ரூபாவையும், அது இவ்வளவு காலம் கணக்கில் ஏறாமல் கிடந்ததையும் கடிதத்தில் சேருங்கள். பங்களித்தவர் ஒருவர் இதை இங்கே வாசித்துவிட்டுக் கடிதத்தில் காணாவிட்டால், எழுதிய மற்ற எல்லா எண்களும் சந்தேகத்துக்கு வரும். பெட்டிகளை விளையாட்டுக்காக வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. நல்லவற்றை உடனே அனுப்புங்கள், பூஞ்சணத்தையும் எழுதுங்கள்.


பாலைநிழல் (புதுக்குடியிருப்பு)

பெயர் இருப்பது கண்டு மகிழ்ச்சி, பிள்ளை. பனையோலைக்கு வெயிலைவிட மருந்து இல்லை. ஈரத்துணியால் துடைத்து, கவிழ்த்து வைத்துக் காயவிடச் சொல்லி என் தாயார் சொல்கிறார். நேர் வெயிலில் நாட்கணக்கில் விட்டால் ஓலை முறுகி வெடிக்கும் என்றும் சொல்கிறார். இழைத்த பெண்களிடமும் ஒரு தடவை காட்டுங்கள்.

முதல் இரண்டு இரவுகளை எனக்கும் அனுப்புங்கள். பள்ளிக்கூடக் கணினிகள் பழையவை. ஓடாவிட்டால் எங்கே நின்றது என்று பிள்ளைகளைக் கொண்டே எழுதி அனுப்புவேன்.


பரண்காவல் (கிளிநொச்சி)

கடிதத்தை நேற்று அனுப்பினோம். கடைசி வரியும் இருக்கிறது, 95,000 ரூபாவும் இருக்கிறது. இந்த நேரம்வரை 31 பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். நான்கு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அந்த 120 டொலர்க்காரர் பட்டியலில் முதலாவது. மற்றவர்களில் பலர் இரண்டாம் இரவில் ஒரே இடத்தைப் பற்றி எழுதுகிறார்கள்: பரணிலிருந்து இறங்கித் திரும்ப ஏற முயன்றால் ஏணி மறைந்துவிடுகிறதாம். எங்கள் மூவரின் கணினியிலும் ஒரு நாளும் நடக்காத வழு அது. ஒருவர் அது நடக்கும் காணொளியையே எடுத்து அனுப்பியிருக்கிறார். இன்றிரவு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சித்தப்பா தொலைபேசியில் எடுத்து, ‘இதைப் பங்குனியிலேயே எழுதியிருக்கலாமே, பிள்ளை’ என்று மட்டும் சொன்னார்.

பெட்டிகளில் 37 நல்ல நிலையில் இருக்கின்றன. இன்று காலை அவற்றில் 11 ஐத் தபாற்கந்தோரில் கொடுத்தேன்; மீதியைத் தபாற்செலவு பார்த்துப் பகுதி பகுதியாக அனுப்புவேன். பூஞ்சணம் பிடித்த 21 உம் விறாந்தையில் கவிழ்த்து வைத்திருக்கின்றன. மழை இருட்டுகிறது, உள்ளே எடுக்கப் போகிறேன்.